கொல்லாப் புலால்

திருக்குறளில் புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம். கொல்லாமை 33-ஆம் அதிகாரம். இரண்டும் துறவறவியலைச் சேர்ந்தவையே. எனினும் இவற்றிற்கு இடையே தவமும் கள்ளாமையும் வாய்மையும் வெகுளாமையுமாக ஆறு அதிகாரங்கள் நிற்கின்றன. ஊன் உண்ணாமையும் உயிர் கொல்லாமையும் ஒன்றே எனக் கருதிப் பழகிய நமக்கு இப்பிரிவு வியப்பளிக்க வேண்டும். ஆயின் அளிப்பதில்லை. நடைமுறையில் ஒன்றின்றி மற்றொன்று இருந்ததில்லை. இலையில் ஊன் விழவேண்டுமாயின் எங்கோ ஓர் உயிர் விழவேண்டும். அவ்விரண்டையும் வேறுபிரித்துப் பார்க்கும் வேலை உரையாசிரியர்க்கும் சமயவாதியர்க்கும் உரியதாக இருந்ததே அன்றி, அடுக்களைக்கு உரியதாக இருந்ததில்லை.

இற்றை நாளில் அவ்வேலை அடுக்களையின் வாயிலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. விலங்கைக் கொல்லாமல், அதன் உயிரணுக்களை மட்டும் கலத்தில் வளர்த்து இறைச்சி ஆக்கும் முறையை அறிவியலார் கண்டுள்ளனர். இதனை வெறும் உணவுத் தொழிலின் செய்தியாகக் கொண்டு கடந்துவிடுதல் கூடும். ஆயின் அறநூல் கற்றோர்க்கு இது ஒரு வினாவை எழுப்புகின்றது: கொலை நீங்கிய பின்னும் புலால் புலால்தானா? நாம் இத்தனை காலம் மறுத்தது கொலையையா, ஊனையா, அன்றி இரண்டின் பின்னும் நின்ற வேறொன்றையா?

செய்முறையை முதற்கண் அறிந்துகொள்வோம். உயிருள்ள விலங்கின் தசையினின்று சிறு துணுக்கு ஒன்றை ஊசியால் எடுக்கின்றனர். விலங்கு சாவதில்லை, காயம் ஆறிவிடுகின்றது. அத்துணுக்கில், புண்பட்ட தசையைப் புதுக்குவதற்கென்றே இயற்கை வைத்திருக்கும் சில உயிரணுக்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்து, சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் ஆகியவை கலந்த ஊட்டநீரில், உடற்சூட்டை ஒத்த வெப்பத்தில் வளர்க்கின்றனர். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி அவை பெருகுகின்றன. போதிய அளவு பெருகியபின் ஊட்டத்தை மாற்றினால், அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து தசை இழைகளாகின்றன. உடலுக்குள் ஓசையின்றி நிகழும் செயலை உருக்குக் கலனுக்குள் நிகழச் செய்கின்றனர், அவ்வளவே.

அவ்வளவே என எழுதிவிட்டோம். செய்வோர்க்கு அது எளிதன்று. உடலில் ஒவ்வோர் அணுவிற்கும் அருகே குருதிக் குழாய் ஓடுகின்றது. கலனில் அஃது இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிக்கு அப்பால் உயிர்வளி ஊடுருவிச் செல்லாமையால், தடித்த தசையின் நடுவிலுள்ள அணுக்கள் மடிகின்றன. ஆதலின் கொத்துக்கறி ஆக்கலாம். தொடைக்கறி ஆக்குதல் அரிது. மேலும், உடலுக்கு இருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் கலனில் வளரும் அணுக்களுக்கு இல்லை. ஒரு நுண்கிருமி நுழைந்தால் கலன் முழுவதும் பாழ். மருந்துத் தொழிற்சாலையின் தூய்மையை இறைச்சிக் கடையின் விலையில் தருவது எவ்வாறு என்பதே இத்துறையினரை உறங்கவிடாத கணக்கு.

இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. கோழியின் நெஞ்சையோ சிறகையோ உண்பதற்காக முழுக்கோழியை வளர்ப்பது மடமை என்றும், அவ்வுறுப்புகளைத் தனியே வளர்க்கும் காலம் வரும் என்றும் 1931-இல் வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு கட்டுரையில் எழுதினார். ஐம்பது ஆண்டு என அவர் இட்ட கெடு பொய்த்தது, எண்ணம் பொய்க்கவில்லை. டச்சு நாட்டவரான வில்லெம் வான் ஈலன் இரண்டாம் உலகப்போரில் சப்பானியரிடம் சிறைப்பட்டுப் பசியின் கொடுமையை நேரில் கண்டவர். போருக்குப்பின் பல்கலைக்கழகத்தில் பயிலும்போது, ஆய்வுக்கூடத்தில் தசை வளர்வதைக் கண்டு, அதையே உணவாக்கலாமே என எண்ணத் தொடங்கினார். அவ்வெண்ணத்திற்கு அவர் காப்புரிமை பெற்றது 1999-இல். 2013 ஆகஸ்டு 5 அன்று இலண்டனில் மார்க் போஸ்ட் எனும் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர், மாட்டின் உயிரணுக்களினின்று வளர்த்த இறைச்சியால் ஆன ஒரு பர்கரைச் சமைப்பித்துப் பலர் காண உண்பித்தார். அதனை ஆக்குவதற்கு ஆன செலவு ஏறத்தாழ 2,50,000 யூரோ. சுவைத்தோர், மெல்லும்போது இறைச்சி போலவே உள்ளது, கொழுப்புத்தான் குறைவு என்றனர். விற்பனைக்கு முதன்முதல் ஒப்புதல் தந்த நாடு சிங்கப்பூர், ஆண்டு 2020. அமெரிக்கா 2023-இலும் இசுரேல் 2024-இலும் ஆஸ்திரேலியா 2025-இலும் பின்தொடர்ந்தன. விற்ற அளவு இன்னும் கடலில் கரைத்த பெருங்காயமே.

கொல்லாப் புலால் எனும் பெயரும் இதற்கு உடனே பொருந்திவிடவில்லை. தொடக்கத்தில் இவ்வணுக்களை வளர்க்கப் பயன்பட்ட ஊட்டநீரில் கன்றுக்கருவின் குருதிநீர் கலந்திருந்தது. சினைப்பசுவை வெட்டும்போது அதன் வயிற்றிலுள்ள பிறவாக் கன்றின் இதயத்தினின்று எடுக்கும் குருதி அது. பிறந்த உயிரைக் காப்பதாகச் சொல்லிப் பிறவாத உயிரின் குருதியில் வளர்த்த உணவை எவ்வாறு அறவுணவு என்பது? இவ்விழுக்கை ஆய்வாளர் தாமே உணர்ந்தனர். குருதிநீர் இல்லாத ஊட்டநீரில் வளர்த்த கோழியிறைச்சிக்குச் சிங்கப்பூர் 2023 சனவரியில் ஒப்புதல் அளித்தது. ஆதலின், இனி நாம் ஆராயப்போவது குருதிநீரும் நீங்கிய இறைச்சியையே. எதிர்வாதியின் கட்சியை அதன் வலிமை மிக்க வடிவில் எடுத்துக்கொண்டு ஆராய்வதே முறை.

நம் இலக்கியத்தில் இவ்வினாவிற்கு முன்னோடி உண்டு. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் கவிழ்ந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி மிதந்து, நக்கசாரணர் எனும் நாகர் வாழும் மலையை அடைகின்றான். அவர்கள் மனிதரையும் தின்பவர். அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் தப்பி, அவர்களின் தலைவனோடு வாதிட்டு, இருவினையும் மறுபிறப்பும் உண்டென அறிவுறுத்துகின்றான். இறுதியில் அவன் வகுத்துத் தரும் அறம் நோக்கத்தக்கது. ஊனை அறவே விடுக என அவன் கூறவில்லை. கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாதீர். மூத்து இறந்த விலங்கை ஒழிய ஏனைய உயிர்கட்குத் தீங்கு செய்யாதீர் என்கின்றான். தாமே இறந்தவற்றின் ஊன் அவர்க்கு விலக்கப்படவில்லை. கேட்போரின் நிலை அறிந்து, அவர்களால் இயல்வதை மட்டும் கேட்ட அறம் அது. கொலையற்ற ஊன் எனும் கருத்து தமிழில் அன்றே பதிந்துவிட்டது.

பௌத்தத் துறவியர்க்கு உரிய விதியும் இவ்வழியதே. தமக்கெனக் கொன்றதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருப்பின், பிச்சையாக இட்ட ஊனை ஏற்கலாம் என்பது அது. சமணர் இதனை ஒப்பவில்லை. நீலகேசி இது குறித்துப் பௌத்தரைக் கடுமையாக மறுக்கின்றது. உண்பவன் இருப்பதனால் அன்றோ கொல்பவன் இருக்கின்றான் என்பது அம்மறுப்பின் உயிர்நாடி. வள்ளுவரும் புலால் மறுத்தலில் இதே காரணத்தை ஒரு குறளில் வைக்கின்றார்; வாங்குவார் இல்லையேல் விற்பார் இல்லை என்பது அதன் கருத்து. ஆக, நம் முன்னோர் கூறிய காரணங்களுள் மிக வலியது வாணிகக் காரணம். வியப்பு என்னவெனில், இக்காரணம் கலத்தில் வளர்ந்த இறைச்சியைச் சிறிதும் தொடுவதில்லை. அதற்கு மாறாக, அதன் பக்கம் சாய்கின்றது. இதனை வாங்குவார் பெருகப் பெருகக் கொலைக்களத்தில் வாங்குவார் குறைவர்.

அதே அதிகாரத்தில் வேறொரு காரணமும் உண்டு. ஊனைப் பிறிதோர் உடம்பின் புண்ணாகக் காணும் நோக்கு அது. வாதத்தால் அன்றி அருவருப்பால் தடுப்பது. ஆதலின் மறுத்தற்கு அரியது. ஆயின் கலத்தில் வளர்ந்த தசை எவ்வுடம்பின் புண்? அதற்கு உடம்பே இல்லை. வலியை உணரும் நரம்பில்லை, மூளையில்லை. புண் எனில், புண்பட்டவர் யார் எனக் காட்ட வேண்டும். காட்ட இயலாது.

எனினும் நம் நெஞ்சு ஒப்புவதில்லை. மரக்கறி உணவினர் பலரிடம் இது குறித்துப் பேசிப் பார்த்தால், காரணம் கூற இயலாமலும் உடன்பட இயலாமலும் அவர்கள் தயங்குவதைக் காணலாம். அத்தயக்கத்தைப் பழக்கத்தின் பிடி என ஒதுக்குதல் தகாது. புலால் மறுத்தலுக்கு முன் வள்ளுவர் வைத்த அதிகாரம் அருளுடைமை. கொல்லாமை கொல்லப்படும் உயிரை நோக்கிப் பேசுவது. புலால் மறுத்தல் உண்பவனின் நெஞ்சை நோக்கிப் பேசுவது. முன்னது செயல், பின்னது பண்பு. கலத்து இறைச்சி செயலை நீக்குகின்றது. பண்பை ஆக்குகின்றதா? நேற்றுவரை ஆட்டின் கதறலைக் கேட்டும் கேளாதவன், நாளை கதறாத இறைச்சியை உண்பதனால் அருளுடையவன் ஆகிவிடுவானா? ஆகமாட்டான். அவனிடம் எதுவும் மாறவில்லை, கடைமட்டுமே மாறியிருக்கின்றது.

இங்கே ஓர் எடுத்துக்காட்டு நினைவிற்கு வருகின்றது. நம் ஊர்க் கிணற்றடிகளில் கமலை இழுத்த காளைகளை முதியோர் மறந்திருக்கமாட்டார். சரிவில் இறங்கி நீரை மேலேற்றி, பின்னடி வைத்து மேட்டுக்கு மீண்டு, நாள் முழுதும் அதே பத்தடி நடை. நுகத்தடி அழுத்திக் கழுத்தெல்லாம் காய்ப்பு. அக்காளைகளின் துயரை நீக்கியது எது? 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது உண்மை. ஆயின் கிணற்றடிக் காளையை விடுவித்தது மின்சாரப் பம்புசெட்டே அன்றி அச்சட்டமன்று. உழவர் எவரும் ஒருநாள் காலையில் அருள் சுரந்து காளையை அவிழ்த்துவிடவில்லை. மின்கம்பி வந்தது, காளை நின்றது. இதனால் அந்த விடுதலை பொய்யாகிவிடுமா? காளையின் கழுத்தைக் கேட்டால் ஆகாது என்றே கூறும். துன்புறும் உயிர்க்குத் தன் துன்பம் எக்காரணத்தால் நீங்கியது என்பது பொருட்டன்று.

ஆயின் அக்கதையின் பிற்பகுதியையும் மறைத்தலாகாது. பம்புசெட்டும் டிராக்டரும் வந்தபின் காளைக்கு வேலையில்லை. வேலையில்லாத காளைக்குத் தொழுவத்தில் இடமுமில்லை. பெரும்பாலானவை எங்குச் சென்றன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அருளின்றி வந்த விடுதலை, காளையைப் பாரத்தினின்று அவிழ்த்துக் கத்தியிடம் கொடுத்தது. செயலை மட்டும் மாற்றிப் பண்பை மாற்றாது விடுவதில் உள்ள இடர் இதுவே. கலத்து இறைச்சி மலிவாகும் நாளில், வளர்ப்பு விலங்குகளை நாம் என்ன செய்வோம்? பயன் தீர்ந்ததற்கு இடமில்லை என்னும் பழைய நெஞ்சமே அன்றும் இருக்குமாயின், விடை பழைய விடையாகவே இருக்கும்.

பிறவாமற்போகும் விலங்குகளுக்காக வருந்துவோரும் உளர். இவ்வருத்தத்தை நாம் எல்லா இடத்தும் ஒப்பவில்லை. உலகில் ஆண்டொன்றிற்கு உணவுக்காகக் கொல்லப்படும் நிலவாழ் விலங்குகளும் பறவைகளும் 8,000 கோடிக்கு மேல். அவற்றுள் பெரும்பகுதி கோழி. பிராய்லர் கோழி ஐந்தாறு வாரமே வாழ்கின்றது. தன் கால் தாங்கமாட்டாத எடையை அதற்குள் ஏற்றிவிடுகின்றனர். அத்தகைய வாழ்வு வாழப்படாமற்போனால் இழப்பு யாருக்கு? நாட்டு ஆட்டின் செய்தி வேறு. அது மேய்கின்றது, முட்டி விளையாடுகின்றது, குட்டியை மோந்து அறிகின்றது. அதன் வாழ்வில் ஓர் வாழ்வு இருக்கின்றது.

ஆட்டோடு ஆட்டுக்காரரையும் எண்ண வேண்டும். இராமநாதபுரத்துக் கீதாரிகள் தம் மந்தையை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகை வரை செல்கின்றனர். அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போடுகின்றனர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்திற்கு உரம். நிலக்காரர் தரும் நெல்லும் பணமும் அவர்க்குக் கூலி. இங்கு ஆடு இறைச்சி மட்டுமன்று. உரம், தோல், அவசரத்திற்குக் கைகொடுக்கும் சேமிப்பு. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் தொழிலில் உழைப்போரின் வாழ்வும் இதனோடு பின்னியது. கலனில் தசை வளரும், புழுக்கை வளராது. வெண்ணிற மேலங்கி அணிந்த சிலரின் காப்புரிமைக்குள் உணவு சென்றுவிட்டால், கையில் கோல் மட்டும் உள்ளவர் எங்கே போவார்? உயிர்களுக்கு இரங்கும் அறம் மக்களுக்கு இரங்க மறக்குமாயின் அதனை முழு அறம் எனக் கொள்ள இயலாது.

சுற்றுச்சூழலின் பெயரால் சொல்லப்படும் நன்மையையும் முழுமையாக நம்பிவிடுதல் கூடாது. கால்நடை வளர்ப்பினால் வளிமண்டலம் வெப்பமாவதும் காடு அழிவதும் மெய்யே. ஆயின் கலன்களை இடையறாது சூடாகவும் தூய்மையாகவும் வைக்க மின்சாரம் வேண்டும். மருந்துக்குரிய தூய்மையில் ஊட்டநீர் ஆக்குவதாயின், மாட்டிறைச்சியைக் காட்டிலும் இதுவே மிகுதியாகக் கரியைக் கக்கக்கூடும் என அமெரிக்காவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023-இல் கணக்கிட்டுக் காட்டினர். உணவுக்குரிய எளிய தூய்மை போதுமாயின் கணக்கு மாறும். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதனைத் தடைசெய்யும் அரசுகளின் நோக்கம் வேறு. இத்தாலி 2023-இல் தடை விதித்தது. அமெரிக்காவில் புளோரிடாவும் அலபாமாவும் 2024-இல் விதித்தன. அத்தடைகளில் கீதாரிக்கு இரங்கும் குரல் இல்லை. பெரும்பண்ணைகளின் குரலே ஓங்கியிருக்கின்றது. தடையால் உணவுப் பழக்கத்தைத் திருத்த முயன்ற பட்டறிவு நமக்கும் உண்டு. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு கண்டிப்பாகச் செயற்படுத்த முனைந்தது. ஊர்த்தெய்வங்களை வழிபடும் எளிய மக்கள் கொதித்தனர். 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அங்கே மக்கள் காத்தது நாச்சுவையை அன்று, நேர்ந்துகொண்ட சொல்லை. அத்தகைய படையலுக்குக் கலத்து இறைச்சி ஒருநாளும் ஈடாகாது. அறத்தைச் சட்டத்தால் ஊட்ட முடியாமை போலவே கலனாலும் ஊட்ட முடியாத இடம் உண்டு.

சமயத் தலைவர்கள் இதனை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதும் அறியத்தக்கது. சிங்கப்பூர் இசுலாமிய சமய மன்றம் 2024-இல், ஆகுமான விலங்கின் உயிரணுவும் தூய பொருள்களும் கொண்டு ஆக்கினால் உண்ணலாம் என்றது. இசுரேலின் தலைமைக் குருமாருள் ஒருவர் 2023-இல், சில கட்டுப்பாடுகளோடு இதனை இறைச்சி அல்லாத உணவாகவே கருதலாம் என்றார். நம் நாட்டில் வினா ஒரு புள்ளியில் வந்து நிற்கும். மரக்கறி உணவின் உறைமேல் பச்சை வட்டமும், புலால் உணவின் உறைமேல் பழுப்பு முக்கோணமும் இடுவது விதி. பால் விலங்கின் உடம்பினின்றே வந்தும் பச்சை பெறுகின்றது. கொல்லாமல் பெறுவது என்பதே அதற்குக் காரணமாக இருத்தல் கூடும். (பாலுக்குப் பின்னால் கொலையே இல்லையா என்பது தனியே எழுதவேண்டிய கட்டுரை.) அவ்வாறாயின் கொல்லாமல் பெற்ற தசைக்கு எந்நிறம்?

நம் கருத்தை மறைக்க விரும்பவில்லை. மரக்கறி உணவினர் இதனை உண்ணவேண்டும் என்னும் கடமை எதுவும் இல்லை. உண்ணாத ஒன்றிற்கு மாற்று எதற்கு? அவர்களின் தயக்கம் அருளின் எச்சம், அஃது இருக்கட்டும். ஆயின் தாம் உண்ணாமையைக் காட்டி, பிறர் உண்பதை இகழ்ந்து, இதனை வரவிடாது தடுப்பாராயின் அது அருளன்று, செருக்கு. 2014-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 97-க்கு மேற்பட்டோர் புலால் உண்போர். புலால் மறுத்தலைப் பாடிய மொழியின் நாடு இது. ஈராயிரம் ஆண்டு ஓதியும் விளையாத அருள் இனி எப்போது விளையும் எனக் கணக்கிடுவதற்குள், எத்தனை கோடி உயிர் கத்தியின் கீழ்ச் செல்லும்? நம் நெஞ்சு கனியும்வரை காத்திருக்குமாறு ஆட்டை நாம் கேட்க இயலாது. சாதுவன் நாகரிடம் கேட்டது போல், இயல்வதைக் கேட்போம்.

இம்முயற்சியில் அருளே இல்லை என்பதும் பிழை. இத்துறையில் முன்னோடியான அமெரிக்க நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவருள் ஒருவர் உமா வலேட்டி எனும் இதயநோய் மருத்துவர். விசயவாடாவில் வளர்ந்து புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்றவர். சிறுவயதில் ஒரு பிறந்தநாள் விருந்தின்போது வீட்டின் முன்புறம் கொண்டாட்டமும் பின்புறம் கோழிகள் வெட்டப்படுவதும் ஒருங்கே கண்டதாகவும், ஒன்றின் பிறந்தநாள் மற்றொன்றின் இறந்தநாள் என்பது தம் நெஞ்சில் தைத்ததாகவும் அவர் கூறியுள்ளார். ஆக, அருள் ஆக்கியோரிடம் இருந்தது. உண்போரிடம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒருவர் நெஞ்சில் தைத்தது உலகத்தார் தட்டில் வேறு உணவாக வந்து சேருமாயின், உலகத்தார் அதனை அறியாமலே உண்டுபோகலாம். கிணறு வெட்டியவர் யார் எனக் கேட்டா நீர் குடிக்கின்றோம்?

கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2024-இல், உயிரணுவினின்று மீனிறைச்சி வளர்க்கும் முயற்சியில் ஒரு தனியார் நிறுவனத்தோடு கைகோத்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட மீன்களுள் வஞ்சிரமும் வாவலும் அடங்கும். அம்மீன் சந்தைக்கு வரும் நாளில், கடலுக்குச் செல்லும் மீனவரும், மீனே தொடாத வீட்டாரும், உறையின்மேல் புள்ளியிடும் அதிகாரியும் ஒரே பொருளை மூன்று பெயரால் அழைக்கக்கூடும். வலையில் அகப்படாத வஞ்சிரத்திற்கு எப்பெயர் என்பது பற்றி ஒரு கருத்தும் இராது.